சவுண்டு சுமார், பாட்டு பிரமாதம்

கர்நாடக சங்கீதப் பாடகர் மதுரை மணி ஐயர் 1968இல் மறைந்தார். அவரை மேடையில் கேட்டவர்களுக்கு இன்று எழுபது வயது கடந்திருக்கும். ஆனாலும் அவர் பாடிய முழுக் கச்சேரிகளை நாம் இப்போதும் உட்கார்ந்து கேட்க முடிகிறது. இதை இசைத்தட்டு நிறுவனங்கள் கொடுத்த சொத்து என்று சொல்ல முடியாது. 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் எல்லாம் அதில் எங்கே அடங்கும்? பின்னால் வந்த எல்.பி. தட்டிலும் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான். வானொலி நிலையம் பதிந்து வைத்ததைத் தவிர்த்துப் பார்த்தால், மணிக்கணக்கில் நீண்ட கச்சேரிகளை நமக்காகப் பிடித்து வைத்தவர்கள் ரசிகர்கள்தான், அதுவும் கைக்காசு போட்டு.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வசதியான சில வீடுகளில் கிரண்டிக் போன்ற வெளிநாட்டு ஸ்பூல் டேப் ரெக்கார்டர் இருந்தது. கல்யாணக் கச்சேரி என்றால் அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மேடை ஓரத்தில் ஒரு மைக்கை வைத்து, நாடா தீரும்வரை பதிவார்கள். ஸ்பூலை மாற்றுகிற நேரத்தில் பாடியது போனது போனதுதான். அந்தப் பதிவுகளில் குழந்தை அழும், யாரோ இருமுவார், பந்தலுக்குப் பின்னால் பாத்திரம் உருளும், சமயத்தில் பல்லவி நடுவிலேயே நாடா தீர்ந்துவிடும். எழுபதுகளில் கேசட் பரவியதும் ஸ்பூலிலிருந்து கேசட்டுக்கும், கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கும் பிரதி எடுத்தார்கள். ஒவ்வொரு பிரதியிலும் 'உஸ்' என்ற இரைச்சல் ஒரு படி ஏறியது.

மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் கும்பகோணத்திலும் இந்தக் கேசட்டுகள் கைமாறிய விதம் தனிக் கதை. உங்களிடம் ஜி.என்.பி. கச்சேரி இருந்தால் என்னிடமுள்ள அரியக்குடி கச்சேரியைத் தருவேன். கேசட் அட்டையில் ராகம், பாட்டு, பக்கவாத்தியக்காரர் பெயர் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். கடைசியில் 'சவுண்டு சுமார்' என்று ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பைப் பார்த்து யாரும் கேசட்டைத் திருப்பிக் கொடுத்ததில்லை. 'சவுண்டு சுமார், பாட்டு பிரமாதம்' என்று சொல்லி இன்னொருவருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். இரைச்சலைக் காது தள்ளிவிட்டு ராகத்தை எடுத்துக்கொள்ளும். பிடில் வில் விழும் விதத்தை வைத்தே வாசிப்பது யார் என்று சொன்னவர்கள் உண்டு.

இவர்களுக்கு ஒலியைப் பற்றி அக்கறையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே ஒரு விஷயத்தில் அவர்கள் மகா கறார். அது சுருதி. நாடா நூற்றுக்கு ஆறு பங்கு வேகமாக ஓடினால் போதும், சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். குரல் மாறிவிடும், காலப்பிரமாணமும் மாறிவிடும். 'இவர் இந்தக் கட்டையில் பாடமாட்டாரே' என்று சொல்லி, டேப் ரெக்கார்டரைத் திறந்து மோட்டாரின் வேகத் திருகைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்று திருப்பி, சுருதிப் பெட்டியோடு ஒத்துப்பார்த்து மூடிய ரசிகர்கள் இருந்தார்கள். அந்தக் கால் சுற்றும் ஆடியோஃபைல் (ஒலித்தரப் பித்தர்) வேலைதான். பாட்டுக்கு எது அவசியமோ அதில் மட்டும் விட்டுக்கொடுக்காத ஆடியோஃபைல்.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கி நிறுத்த எனக்கு மனமில்லை. அந்த நாடாக்களில் நாம் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. பிரதி மேல் பிரதி எடுக்கும்போது முதலில் காணாமல் போவது தம்பூரா. அதன் ரீங்காரம் மேல்ஸ்தாயி ஒலிகளில் இருக்கிறது, அவற்றைத்தான் மலிவு நாடா முதலில் விழுங்கும். அடுத்தது மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் தொப்பியில் எழுப்பிய கும்கி நாதத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி உருகுவார்கள். கேசட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. மைக்கே வேண்டாம் என்று பிற்காலத்தில் பிடிவாதமாக நின்றவர் அவர். தன் வாத்தியத்தின் நாதம் கருவி வழியாகப் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாதத்தையே உபாசனையாகச் சொல்லும் சங்கீதத்தில், நல்ல ஒலி பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது சரியில்லை.

அப்படி ஒதுக்காத ஒருவர் நம்மவரே. இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர் அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் வாட்டர் லில்லி அகூஸ்டிக்ஸ் என்ற சிறிய நிறுவனத்தை நடத்தினார். பதிவு செய்ய ஒரு தேவாலயம், இரண்டே மைக், வால்வு மின்சுற்று வைத்துத் தனியாகச் செய்வித்த டேப் ரெக்கார்டர். இரைச்சல் நீக்கம், ஈக்குவலைசர், கம்ப்ரெஷன் எதுவும் கிடையாது. இந்துஸ்தானி கலைஞர் விஸ்வ மோகன் பட்டும் அமெரிக்க கிதார் கலைஞர் ரை கூடரும் சேர்ந்து வாசித்து 1993இல் வெளிவந்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' அப்படிப் பதிவானது. அதற்கு கிராமி விருது கிடைத்தது. நம் சித்திரவீணை ரவிகிரணையும் அவர் தாஜ் மஹால் என்ற அமெரிக்க ப்ளூஸ் பாடகரோடு உட்காரவைத்துப் பதிந்திருக்கிறார். உலகமெங்கும் ஒலிக்கருவிப் பித்தர்கள் இந்தத் தட்டுகளைக் கொண்டாடுகிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்றை. அவர் தன் பித்தையெல்லாம் செலவழித்த இடம் கலைஞர் உட்கார்ந்திருந்த கூடம், மைக் வைத்த இடம், நாடா ஓடிய இயந்திரம்.

இன்றைக்கு அந்தப் பித்து எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது? 2021 முதல் ஆப்பிள் மியூசிக் கூடுதல் கட்டணம் இல்லாமலே 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஒலித்தரம் வரை தருகிறது. இரண்டாயிரம் ரூபாய் இயர்போனும், டிஜிட்டல் ஒலியை மாற்றித் தரும், போனில் செருகும் விரலளவு டி.ஏ.சி.யும் இருந்தால் தம்பூராவின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே கேட்கிறது. அந்தக் கிரண்டிக் வீட்டுக்காரர் கனவில்கூட கேட்டிராத துல்லியம் இது, இதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் துல்லியம் கையில் இருக்கும் பலர் ஒரு பாட்டின் முதல் இருபது வினாடியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு கேபிளை மாற்றிப் பார்க்கிறார்கள். பல்லவி தாண்டுவதில்லை. 'நல்ல பதிவாக இருந்தால்தான் கேட்பேன்' என்று ஒருவர் சொன்னால், அரியக்குடியும் ஜி.என்.பி.யும் நாதஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளையும் அவர் வீட்டு வாசல்படியே ஏற முடியாது. இழப்பு அவருக்குத்தான்.

மறுபக்கம், தன்னைச் சுத்த ரசிகர் என்று சொல்லிக்கொள்பவர் போன் ஸ்பீக்கரில் ஒரு நிமிட ஸ்வரத் துணுக்கைக் கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறார். மிருதங்கம் அங்கே தகரம் தட்டுவதுபோல் கேட்கிறது. அவருக்கு அது உறுத்துவதில்லை. ஒலி, பாட்டு என்று முன்பு ஒரே ஆளுக்குள் இருந்த இரண்டு அக்கறைகள் இன்று இரண்டு ஆட்களாகப் பிரிந்துவிட்டன.

இந்தப் பிரிவின் விலையை மார்கழியில் சபாவுக்குப் போனால் தெரிந்துகொள்ளலாம். பிடிலிலும் வீணையிலும் ஒட்டிய காண்டாக்ட் மைக், அரங்கை அதிரவைக்கும் மிருதங்கம், நடுவில் வீல் என்று கத்தும் ஸ்பீக்கர். பாடகர் 'மானிட்டர்ல கொஞ்சம் சுருதி ஏத்துங்கோ' என்று சைகை காட்டிக்கொண்டே ஆலாபனையைத் தொடங்குகிறார். வீட்டில் லட்சக்கணக்கில் ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவரும் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பேசாமல் கேட்டுவிட்டு கேன்டீனுக்குப் போகிறார். சென்னையில் அவ்வப்போது மைக் இல்லாத கச்சேரிகள் நடக்கின்றன. சின்னக் கூடம், நூறு பேர், வில் தந்தியில் உரசுவது கேட்கும். அதைவிட உயர்ந்த ஆடியோ கருவியை யாரும் விற்கவில்லை.

நல்ல காது படைத்தவர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. சபாவில் ஒலி சரியில்லை என்றால் எழுந்து போய் ஒலி அமைப்பாளரிடமோ சபாக் காரியதரிசியிடமோ மரியாதையாகச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் முணுமுணுப்பு, இருபது பேர் சொன்னால் மறு வருஷம் மாறும்.

இரண்டாவது, உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் ஸ்பூல்கள் இருக்கலாம். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கும் என்று நம்புகிறேன். பழைய அசிடேட் நாடா கெட ஆரம்பித்தால் வினிகர் வாசனை வரும், அதற்குப் பிறகு அதிக நாள் தாங்காது. எங்கேயோ கிடைத்த பழைய இயந்திரத்தில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும். இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்து டிஜிட்டலாக்குங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று தம்பூராவையும் சேர்த்து நீக்கிவிடச் சம்மதிக்காதீர்கள். உள்ளது உள்ளபடி ஒரு பிரதி வையுங்கள், சுருதியை மட்டும் சரிபார்த்து இன்னொரு பிரதி எடுங்கள், அதைக் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள்.