தரகரின்றி வீட்டை விற்றல்

நடுத்தர வருவாய்க் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் சேர்க்கும் செல்வத்தில் பெரும்பகுதி அது குடியிருக்கும் வீட்டிலேயே அடங்கியிருக்கிறது. ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் திரும்பும்போதோ, மக்களின் படிப்பையும் திருமணத்தையும் முன்னிட்டோ அவ்வீட்டை விற்க நேரிடுகிறது. விற்பவருக்குப் பெரும்பாலும் அது வாழ்வில் ஒரே முறை நிகழும் வியாபாரம். இடையில் நிற்கும் தரகருக்கோ அதுவே அன்றாடத் தொழில். இந்த ஏற்றத்தாழ்வே வீட்டு விற்பனையில் எழும் பல இடர்களுக்கு மூலகாரணம் எனலாம். தரகரின் துணையின்றி உரிமையாளரே தம் வீட்டை விற்க இயலுமா, இயலுமெனில் அவர் ஏற்க வேண்டிய பொறுப்புகள் யாவை என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

தரகரின் பணி யாது?

தரகு என்பது பெரும்பாலும் வழக்கத்தால் அமைந்தது. விற்பவரிடமிருந்தும் வாங்குபவரிடமிருந்தும் தனித்தனியே 1 அல்லது 2 சதவீதம் பெறுவது பல நகரங்களில் நடைமுறை. 60 லட்ச ரூபாய்க்கு விற்கும் வீட்டிற்கு 2 சதவீதத் தரகு 1,20,000 ரூபாய் ஆகிறது. தரகர் சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பதிவு பெற்றவராயின், 18 சதவீத வரியாக மேலும் 21,600 ரூபாய் சேரும்.

இத்தொகைக்கு ஈடாக அவர் ஆற்றும் பணிகள் ஐந்து: விலையை மதிப்பிடுதல், வாங்குபவரைத் தேடுதல், பேரம் பேசுதல், ஆவணங்களைத் திரட்டுதல், பதிவு முடியும்வரை இரு தரப்பாரையும் இணைத்து வைத்தல். தரகரை விலக்கிவிட்டாலும் இப்பணிகள் மறைந்துவிடுவதில்லை. அவை உரிமையாளரின் தோளுக்கு மாறுகின்றன. சேமிக்கப்படும் தரகு அவ்வுழைப்பிற்கான கூலியே ஆகும்.

தரகரின் நலனும் விற்பவரின் நலனும் எப்போதும் ஒன்றல்ல என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மேலும் சில வாரங்கள் காத்திருந்து ஒரு லட்ச ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால், 2 சதவீதக் கணக்கில் தரகருக்குச் சேர்வது 2,000 ரூபாய். உரிமையாளருக்குச் சேர்வது 98,000 ரூபாய். எனவே விரைவில் முடிப்பதிலேயே தரகரின் நாட்டம் செல்வது இயல்பு. அமெரிக்காவின் சிகாகோ வட்டார வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற பொருளியல் அறிஞர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாக அமைகிறது. தரகர்கள் தம் சொந்த வீடுகளை விற்றபோது பிறர் வீடுகளைவிட 3.7 சதவீதம் கூடுதல் விலை பெற்றனர். அதற்காகச் சராசரி 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்தனர்.

அந்நாட்டின் மேடிசன் நகரைப் பற்றி 2009இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, உரிமையாளர் நேரடியாக விற்றதால் விலையில் குறிப்பிடத்தக்க இழப்பு நேரவில்லை என்றும், ஆனால் விற்பனைக்குக் காலம் கூடுதலாயிற்று என்றும் கண்டது. நம் நாட்டுச் சந்தை வேறு இயல்பினது ஆயினும், பொறுமையே நேரடி விற்பனையின் முதல் தேவை என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

விலையை அறிதல்

நேரடியாக விற்பவர் சந்திக்கும் முதற்சிக்கல் விலை. ஒவ்வொரு வட்டாரத்திற்கும் மாநில அரசுகள் குறைந்தபட்ச மதிப்பை நிர்ணயிக்கின்றன. தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு என்றும், டில்லியில் சர்க்கிள் ரேட் என்றும், மகாராஷ்டிரத்தில் ரெடி ரெக்னர் என்றும் அது வழங்குகிறது. முத்திரைத் தீர்வை கணக்கிடுவதற்காக ஏற்பட்ட இம்மதிப்பு சந்தை விலைக்குக் கீழாகவும் இருக்கலாம், மேலாகவும் இருக்கலாம். ஆகவே அதனை ஓர் எல்லைக்கோடாக மட்டுமே கொள்ள வேண்டும்.

அண்டை வீடுகள் அண்மையில் விற்ற விலை இன்னும் பயனுள்ள சான்று. எனினும் தீர்வையைக் குறைக்கும் நோக்குடன் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் தீய வழக்கம் நிலவுவதால், பதிவான விலையை மட்டும் நம்ப இயலாது. வங்கிகள் ஏற்கும் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் கட்டணம் செலுத்தி அறிக்கை பெறுவது சாலச் சிறந்தது. தரகுடன் ஒப்பிட்டால் அச்செலவு சிறிது; பேரத்தின்போது விற்பவருக்கு அது உறுதியான ஆதாரமாகவும் விளங்கும்.

உரிமையும் ஆவணங்களும்

நம் நாட்டில் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாவது பத்திரமேயன்றி உரிமை அன்று. சார்பதிவாளர் ஒரு கிரயப் பத்திரத்தைப் பதிவு செய்வதால், விற்பவருக்கு அச்சொத்தில் குறைவற்ற உரிமை உண்டென அரசு உறுதியளித்ததாகாது. வாங்குபவர் தயங்குவதற்கும், அறிமுகமான தரகர் ஒருவரின் வாய்ச்சொல்லை நாடுவதற்கும் இதுவே அடிப்படைக் காரணம். தரகர் அளிக்கும் நம்பிக்கைக்குப் பதிலாக ஆவணங்கள் அளிக்கும் நம்பிக்கையை முன்வைப்பதே நேரடி விற்பனையின் உயிர்நிலை.

ஆகவே விளம்பரம் செய்வதற்கு முன்னரே கோப்பு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். மூலப் பத்திரமும் அதற்கு முந்தைய தொடர் பத்திரங்களும், வில்லங்கச் சான்று, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், சொத்துவரி மற்றும் மின்கட்டண ரசீதுகள், அடுக்ககமாயின் சங்கத்தின் நிலுவையின்மைச் சான்று ஆகியவை அதில் இடம்பெறும். வீட்டுக்கடன் நிலுவையில் இருப்பின் மூலப் பத்திரம் வங்கியிடம் இருக்கும். பாக்கித் தொகையைக் குறிப்பிடும் கடிதத்தை வங்கியிடம் பெற வேண்டும். மறைந்த தந்தையின் பெயரில் உள்ள வீடாயின் வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட வேண்டும், அல்லது தம் பங்கை முறைப்படி விடுதலைப் பத்திரம் வாயிலாக விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். பேரம் முடிந்தபின் இக்குறை வெளிப்பட்டால் விற்பனையே முறிந்துபோகும்.

வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு இக்கோப்பைச் சரிபார்ப்பதைத் தவிர்த்தல் கூடாது. தரகு சேமிக்கத்தக்க செலவு; சட்ட ஆலோசனைக் கட்டணம் அத்தகையதன்று.

டில்லி தரும் படிப்பினை

ஆவணக் குறையின் விளைவை அறிய டில்லியின் அனுபவம் உதவும். 1957இல் அமைந்த டில்லி வளர்ச்சி ஆணையத்தின் வீடுகள் பல, நீண்டகாலக் குத்தகை உரிமையில் வழங்கப்பட்டவை. அவற்றை மாற்றிக் கொடுப்பதற்குக் குத்தகை நிபந்தனைகள் தடையாக நின்றன. எனவே பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் முறை பரவியது. 1992 முதல் குத்தகை உரிமையை முழு உரிமையாக மாற்றிக்கொள்ள வாய்ப்பளிக்கப்பட்ட பின்னரும் இப்பழக்கம் தொடர்ந்தது. 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய பத்திரங்களால் சொத்துரிமை மாறாது. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரத்தாலேயே மாறும் எனத் தெளிவுபடுத்தியது. குறுக்கு வழி எவ்வளவு பரவலாயினும் அது சட்டத்தின் வழியாகிவிடாது என்பதை விற்பவர் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தமும் பணமும்

1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி விற்பனை ஒப்பந்தம் மட்டுமே வாங்குபவருக்குச் சொத்தில் எவ்வித உரிமையையும் அளிப்பதில்லை. எனினும் பின்னாளில் எழும் பூசல்களைத் தீர்ப்பது அதுவே. மொத்த விலை, முன்பணம், பாக்கி செலுத்தும் கெடு, கெடு தவறினால் முன்பணத்தின் நிலை, வீட்டுடன் விட்டுச் செல்லும் பொருள்கள் ஆகியவற்றை அதில் தெளிவாக எழுத வேண்டும். முழுத்தொகையும் பெற்றுப் பத்திரம் பதிவாகும்வரை வீட்டின் சுவாதீனத்தை ஒப்படைத்தல் ஆகாது.

வாங்குபவர் எளிதிற் காண இயலாத குறை விற்பவருக்குத் தெரிந்திருப்பின் அதனைக் கூறவேண்டியது அதே சட்டம் விதிக்கும் கடமை. சுவரின் ஒழுக்கையோ நிலுவையிலுள்ள வழக்கையோ மறைப்பவர் பின்னர் நீதிமன்றத்தில் விடை கூற நேரிடும்.

2015 ஜூன் 1 முதல், அசையாச் சொத்து விற்பனையின் பொருட்டு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமானவரிச் சட்டம் தடை செய்துள்ளது. முன்பணமாயினும் இத்தடை பொருந்தும். மீறினால் தண்டம் விதிக்கப்படும். ‘பாதி வெள்ளை, பாதி கறுப்பு’ என்ற பேச்சு எழும் இடத்திலேயே பேரத்தை நிறுத்திக்கொள்வது விவேகம்.

வரிக் கணக்கு

விலை 50 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ஆயின், 2013 ஜூன் முதல், வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்தம் செய்து விற்பவரின் பெயரில் அரசுக்குச் செலுத்த வேண்டும். 60 லட்ச ரூபாய் வீட்டில் இது 60,000 ரூபாய். இது கூடுதல் வரியன்று. சான்றிதழைப் பெற்று விற்பவர் தம் வரிக்கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். வெளிநாடுவாழ் இந்தியர் விற்கும் வீட்டிற்குப் பிடித்த விதிகள் வேறு.

24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்பதால் வரும் ஆதாயம் நீண்டகால மூலதன ஆதாயம் ஆகும். 2024 ஜூலை 23 முதல் நிகழும் விற்பனைகளுக்கு இதன்மீது 12.5 சதவீத வரி. அந்நாளுக்கு முன் வாங்கிய வீடாயின், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் விலைவாசிக் குறியீட்டெண்படி வாங்கிய விலையை உயர்த்திக்கொண்டு 20 சதவீதக் கணக்கில் வரும் வரியுடன் ஒப்பிட்டு, குறைந்ததைச் செலுத்தலாம். விற்பனைக்கு முந்தைய ஓராண்டிலோ பிந்தைய ஈராண்டிலோ வேறு வீடு வாங்கினாலும், மூன்றாண்டுக்குள் கட்டினாலும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலக்கு உண்டு. அரசு நிர்ணயித்த மதிப்பு விற்பனை விலையைவிட 10 சதவீதத்திற்கு மேல் உயர்ந்திருந்தால், அம்மதிப்பே விலையாகக் கருதப்படும் என்பதையும் மறத்தலாகாது.

தரகர் தேவைப்படும் இடங்கள்

தரகர் யாவரும் வேண்டாதவர் என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வெளியூரில் வசிப்பவர், வருவோர் போவோரை ஏற்று வீட்டைக் காட்ட இயலாத முதியவர், குறுகிய கெடுவிற்குள் விற்றாக வேண்டியவர் ஆகியோருக்குத் தரகு பயனுள்ள செலவே. அவ்வாறு அமர்த்துவோர் தரகின் அளவையும் அது செலுத்தப்படும் தருணத்தையும் எழுத்தில் பெறுதல் நன்று. 2016ஆம் ஆண்டு மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் பதிவுக்குரிய புதிய கட்டுமானத் திட்டங்களில் ஈடுபடும் தரகர்களைப் பதிவு பெறச் செய்துள்ளது. பழைய வீடுகளின் மறுவிற்பனையில் உரிமையாளரின் விழிப்பே பெரிதும் காவலாகும்.

பொது நலன் நோக்கில்

இது தனி மனிதரின் சேமிப்பைப் பற்றிய செய்தி மட்டுமன்று. விலை மறைவாகவும் உரிமை ஐயத்திற்கிடமாகவும் உள்ள சந்தையில், செய்தியறிந்தவரே ஆதாயம் பெறுகிறார். 2008இல் தொடங்கப்பட்டு, 2016 முதல் டிஜிட்டல் இந்தியா என்ற பெயரைத் தாங்கி நடைபெற்ற நில ஆவண நவீனமயத் திட்டம் பதிவேடுகளைக் கணினிமயமாக்குவதில் முன்னேற்றம் கண்டுள்ளது. நிலம் மாநிலப் பட்டியலிலும் பத்திரப் பதிவு பொதுப் பட்டியலிலும் இடம்பெறுவதால், மத்திய மாநில அரசுகள் இணைந்து செயல்பட்டாலன்றி இப்பணி நிறைவுறாது. பதிவேடு தெளிவாகவும் பதிவாகும் விலை உண்மையாகவும் அமையுமாயின், தம் வீட்டின் மதிப்பையும் உரிமையையும் அறிந்துகொள்ள எளிய குடிமகனும் எவர் தயவையும் எதிர்பார்க்க வேண்டியிராது. அந்நிலை வரும்வரை, ஆயத்தமான கோப்பும் ஆராய்ந்த விலையும் அவசரமின்மையும் உடையவரே தரகரின்றி வீட்டை விற்க முற்படுதல் நலம்.