கனம் எங்கே போச்சு?

காலை ஐந்தரை மணி. பிள்ளைப்பாக்கத்தில் இன்னும் சரியாக விடியவில்லை. சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்கள் வரத் தொடங்கிவிட்டன. முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் அக்கா, யூனிபார்ம் சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்து விறுவிறுவென்று தேய்க்கிறார். அவர் கையில் இருக்கும் மின் இஸ்திரிப் பெட்டியின் எடை ஏறத்தாழ ஒரு கிலோதான்.

தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவரின் கரிப்பெட்டியைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? ஐந்தாறு கிலோ இருக்கும். இரண்டும் செய்வது ஒரே வேலை. அப்படியானால் அந்த நாலைந்து கிலோ கனம் எதற்காக இருந்தது?

முதலில் துணி ஏன் கசங்குகிறது என்று பார்ப்போம். பருத்தி நூலுக்குள் செல்லுலோஸ் என்ற நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்கும். துணி நனைந்தால் தண்ணீர் நடுவில் புகுந்து அந்தக் கைகளைப் பிரித்துவிடும். சுருண்டபடி காய்ந்தால், சுருண்ட நிலையிலேயே மறுபடி கைகோத்துக்கொள்ளும். அதுதான் கசங்கல்.

தேய்க்கும்போது தெளித்த தண்ணீரும் சூடும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. பெட்டியின் அடித்தட்டு சுருக்கத்தை நீவிவிடுகிறது. ஈரம் ஆவியானதும் சங்கிலிகள் நேராக நின்றபடி கைகோக்கின்றன. ஆக, பெரிய வேலையைச் செய்பவை ஈரமும் சூடும்தான். அழுத்தம் கொஞ்சம் இருந்தால் போதும்.

பிறகு கரிப்பெட்டிக்கு ஏன் அவ்வளவு கனம்? அது நெருப்பையே வயிற்றில் சுமக்கிறது. கரி ஒரே சீராக எரியாது. அதனால் தடித்த உலோகம் சூட்டைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் குடம் குடமாகப் பிடித்து வைப்போமே, அது போல. குழாயில் எந்நேரமும் தண்ணீர் வந்தால் அத்தனை குடம் எதற்கு?

மின் இஸ்திரிப் பெட்டியில் அந்தக் குழாய் நிக்ரோம் கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்த அந்தக் கம்பி, மின்சாரத்தைச் சுலபமாக ஓடவிடாது. அந்தத் தடையால் சூடாகும். துணி சூட்டை எடுக்க எடுக்க, கம்பி மீண்டும் தந்துகொண்டே இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோமா? அடித்தட்டு அரை கிலோ அலுமினியம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க 0.9 ஜூல் ஆற்றல் வேண்டும். 30 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்குப் போக 500 × 0.9 × 170 = 76,500 ஜூல். 1000 வாட் பெட்டி நொடிக்கு 1000 ஜூல் தரும். காற்றில் போகும் சூட்டைச் சேர்க்காவிட்டால் 77 நொடி போதும். கிராமுக்கு 0.45 ஜூல் கேட்கும் இரும்பில் 5 கிலோ இருந்தால், அதே சூட்டுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

சூடு எல்லை மீறாமல் இருக்க ஒரு காவலாளியும் உள்ளே உண்டு. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை அது. சூடு ஏறினால் ஒரு பக்கம் அதிகமாக நீண்டு பட்டை வளையும். ‘டிக்’ என்று இணைப்பு துண்டிக்கப்படும், விளக்கு அணையும். ஆறியதும் நிமிர்ந்து மறுபடி இணைக்கும். நைலானுக்குக் குறைந்த சூடு, பருத்திக்கு அதிகச் சூடு என்று நாம் திருகுவது இந்தக் காவலாளியைத்தான்.

மறுபடி அந்தத் தள்ளுவண்டிக்கு வருவோம். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் கரி எரித்துத் துணி தேய்ப்பதைக் கவனித்து யோசித்தார். சூரிய மின்சாரத்தில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். அதற்காக 2020 இல் ஸ்வீடன் நாட்டின் சிறுவர் பருவநிலைப் பரிசு பெற்றார். 2021 இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். எல்லோரும் தினம் பார்த்த வண்டிதான். அவர் கேள்வி கேட்டார்.

செய்து பாருங்கள்: இரண்டு பருத்திக் கைக்குட்டைகளை நனைத்துப் பிழியுங்கள். ஒன்றை நன்றாக உதறி, மேசைமேல் கையால் நீவி விரித்துக் காயவிடுங்கள். மற்றொன்றைச் சுருட்டி நூலால் கட்டிக் காயவிடுங்கள். காய்ந்தபின் ஒப்பிடுங்கள். இஸ்திரிப் பெட்டியைத் தொடவே வேண்டாம். அதைப் பெரியவர்கள் கையாளட்டும். சூடே இல்லாமல் ஒரு கைக்குட்டை எப்படி நேரானது? விடை மேலேயே இருக்கிறது!