மீட்டர் கேஜும் செல்போனும்

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி செல்லும் பாதை ஒரு காலத்தில் மீட்டர் கேஜ். அது அகலப் பாதையானதும் பழைய பெட்டிகளுக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று. ரயில்வே பொறியாளராக இருந்த எனக்குச் செல்போனிலும் அதே கதைதான் தெரிகிறது.

1995 ஜூலை 31-இல் கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டில்லியிலிருந்த சுக்ராமிடம் பேசியதே இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அன்று நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம்; வரும் அழைப்புக்கும் காசு.

அந்த 2ஜி முறையில் ஓர் அலைவரிசையை எட்டுக் கூறாக்கி, பேசுபவருக்கு ஒன்றை ஒதுக்குவார்கள். பிளாக் செக்ஷனில் ஒரு வண்டி இருக்கும்வரை அடுத்தது நுழைய முடியாது அல்லவா? அதுபோல, அவர் மௌனமாக இருந்தாலும் பேச்சு முடியும்வரை அந்த இடம் அவருக்கே.

4ஜியில் குரலும் சிறு பொட்டலங்களாகி, படங்களோடும் செய்திகளோடும் ஒரே பாதையில் கலந்து செல்கிறது. பேச்சுக்கென்று தனிப் பாதை வேண்டாம். 2016 செப்டம்பரில் 4ஜி மட்டுமே கொண்டு வந்த ஜியோ, பேச்சுக்குக் கட்டணமில்லை என்று அறிவிக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் 2ஜி பட்டன் போன் அந்தப் பாதையில் ஓடாது. அகலப் பாதை வந்தபோது புதிய பெட்டிக்கான செலவை ரயில்வே ஏற்றது; பயணி வெறும் சீட்டுத்தான் வாங்கினார். இங்கோ பெட்டியையும் பயணியே வாங்க வேண்டும். 2017-இல் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு வந்த ஜியோபோன் அந்தச் சுமையை ஓரளவு குறைத்தது.

பழைய பாதை என்றாவது மூடப்படும். அதற்கு முன் உங்கள் வீட்டுப் பெரியவரின் போனில் 4ஜி உண்டா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.