பம்பு வந்தால்தான் பொன்முடி!

பொன்முடிக்குப் போகும் பஸ் கல்லாற்றைத் தாண்டியதும் டிரைவர் கியரைக் குறைக்கிறார். பயணிகள் முன் இருக்கைக் கம்பியை இறுகப் பிடித்துக் கொள்கிறார்கள். அங்கிருந்து உச்சி வரை 22 கொண்டை ஊசி வளைவுகள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அது குதூகலம். சுமை ஏற்றிய லாரிக்காரருக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு பரீட்சை.

அந்தப் பரீட்சைக்குப் போக முடியாமல் நெடுமங்காட்டில் ஒரு பட்டறை ஓரமாக ஒரு பழைய லாரி பதினொரு நாள் நின்றது. டயர் நல்ல டயர். பாட்டரி புதுசு. டீசல் பம்பு மட்டும் அதன் இடத்தில் இல்லை. கழற்றிச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போயிருந்தார் லாரிக்காரர். அங்கே ஒரு பம்பு சர்வீஸ் கடையின் மரப்பலகை மேல், சீட்டுக் கட்டிய வேறு பல பம்புகளோடு அதுவும் முறை வருவதற்காகக் காத்துக் கிடந்தது.

லாரிக்காரர் நாகர்கோவில் பக்கத்து மனிதர். வண்டிக்கு அவரே முதலாளி, அவரே டிரைவர். முன்பு களியக்காவிளை வழியாகச் சாலைக் கடைத்தெருவுக்குக் காய்கறி ஏற்றி வந்து கொண்டிருந்தார். இப்போது மலைச் சவாரி. ஏறும்போது உரம், அரிசி, சாமான்; இறங்கும்போது தேயிலை மூட்டை. சமவெளியில் தொந்தரவு கொடுக்காத வண்டி மலையில் மட்டும் மக்கர் செய்தது. ஒன்பதாவது வளைவுக்கு மேல் இழுவை இல்லை. பின்னால் கறுப்புப் புகை. வளைவில் திருப்பும்போது இன்ஜின் அணைந்து விடும். கிளீனர் பையன் கீழே குதித்துப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். ஒரு நாள் ஈர ரோட்டில் கட்டையும் சேர்ந்து வழுக்கியது. வண்டி இரண்டடி பின்னால் போய் நின்றது. மறுநாளே பம்பைக் கழற்றி விட்டார்.

பம்பில் என்ன இருக்கிறது?

பெட்ரோல் வண்டிக்குப் பொறி. டீசல் வண்டிக்குப் பொறி கிடையாது. காற்றை நசுக்கி நசுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக் கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் இப்படி ஓர் இன்ஜினை ஓட்டிக் காட்டினார். ஆனால் அது ஓரிடத்தில் நின்று வேலை செய்யும் பெரும் பூதம். லாரிக்குள் அடங்கவில்லை. எண்ணெயை அளந்து பீய்ச்சும் சின்னப் பம்பை ராபர்ட் பாஷ் கம்பெனி 1927-ல் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் லாரிக்கு டீசல் பரவலாக வந்தது. டீசல் துரை அதைப் பார்க்கவில்லை. 1913-ல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் காணாமற் போய், பிறகு கடலில் பிணமாகத்தான் அகப்பட்டார்.

நம் நாட்டில் 1951-ல் பெங்களூரில் மைக்கோ கம்பெனி ஏற்பட்டது. 1954-ல் ஜாம்ஷெட்பூரில் டெல்கோ லாரி ஓடத் தொடங்கியது. 1955-ல் சென்னை எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் ஆயிற்று. அன்று முதல் நாமக்கல்லானாலும் நெடுமங்காடானாலும் லாரிக்காரர் வாயில் பம்பு, நாசில், எலிமெண்ட் என்ற மூன்று சொல்லும் தமிழ்ச் சொல்லாகவே புழங்குகின்றன.

ஆறு சிலிண்டர் வண்டியின் பழைய மாதிரிப் பம்பில் ஆறு எலிமெண்ட் இருக்கும். எலிமெண்ட் என்பது ஒரு குழாயும் அதற்குள் ஏறி இறங்கும் ஓர் உருளையும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லி மீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான். தலைமுடி அதைப் போல் இருபது மடங்குக்கு மேல் தடிமன். வண்டி நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு எலிமெண்டும் நிமிஷத்துக்கு 1,000 தடவை பீய்ச்ச வேண்டும். முழுப் பாரத்தில்கூடத் தடவைக்கு ஏறத்தாழ ஒரு சொட்டுத்தான் போகும். நாசில் திறப்பதற்கு வேண்டிய அழுத்தமோ வளிமண்டலத்தைப் போல 200 மடங்கு. ஆறு சொட்டில் ஒன்று பெருத்து ஒன்று சிறுத்தால் வண்டி உதறும், இழுக்காது, புகையும்.

இதைச் சரிபார்க்கக் கண்ணால் முடியாது. டெஸ்ட் பெஞ்சு என்று ஒரு மிஷின். அதில் பம்பை ஏற்றி மோட்டாரால் சுற்றுவார்கள். ஆறு குழாயிலிருந்தும் வரும் எண்ணெய் ஆறு கண்ணாடிக் குப்பியில் விழும். குறித்த தடவை பீய்ச்சியதும் நிறுத்தி, ஆறிலும் மட்டம் பார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் திருகி, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். வேகமாக ஒரு தடவை, மெதுவாக ஒரு தடவை, ஸ்டார்ட் எடுக்கும் வேகத்தில் ஒரு தடவை. எண்ணெயின் சூடுகூடக் கணக்கு. மருந்துக் கடைக்காரர் தராசு பிடிப்பதைவிட நுணுக்கமான வேலை.

"நாளைக்குத் தாறேன் தம்பி"

அப்படிப்பட்ட மிஷின் ஊருக்கு ஊர் இல்லை. இருந்தாலும் அதன் முன் நிற்கத் தெரிந்த கை ஒன்றோ இரண்டோதான். மழைக் காலம் முடிந்ததும், எஃப்.சி. எடுக்கும் நாள் நெருங்கியதும் பம்புகள் வந்து குவியும். எலிமெண்ட் தேய்ந்திருந்தால் அசல் சாமான் வர வேண்டும். நடுவில் கரண்ட் போனால் பெஞ்சு நின்று விடும். பாதி அளந்த பம்பை மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும்.

லாரிக்காரர் மூன்றாம் நாள் போனார். ஐந்தாம் நாள் போனார். எட்டாம் நாளும் போனார்.

"அண்ணாச்சி, இன்னிக்காவது முடியுமா?"

"எலிமெண்ட் வரல்லையே தம்பி. வந்தா நான் வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போறேன்? நாளைக்குத் தாறேன்."

"நாளைக்குன்னு நீங்க சொல்லி அஞ்சு நாளாச்சு."

"அவசரம்னா டூப்ளிகேட்டு போடலாம். மூணு மாசத்துல திரும்ப இங்கேதான் வருவே. போடட்டுமா?"

லாரிக்காரர் பதில் சொல்லவில்லை. வெளியே வந்து டீ குடித்தார்.

வண்டி நின்றாலும் தவணை நிற்பதில்லை. இன்சூரன்சும் வரியும் ஓடுகிற வண்டிக்கும் நிற்கிற வண்டிக்கும் ஒன்றுதான். கிளீனர் பையனுக்குப் பேட்டா இல்லாவிட்டாலும் சாப்பாடு போட வேண்டும். சம்பளக்காரருக்கு லீவு நாளிலும் சம்பளம் உண்டு. லாரிக்காரருக்கு அந்தச் சலுகையை எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை.

காத்திருந்த நாளில் புத்திமதிக்கும் குறைவில்லை. பட்டறையில் ஒருவர், "பம்பு சர்வீசெல்லாம் எதுக்கு? ஸ்குரூவைக் கொஞ்சம் திருகி டீசலைக் கூட்டி வெச்சா வண்டி பறக்குமே" என்றார். லாரித் தொழிலில் இது பழைய வைத்தியம். பம்பில் முழு அளவைத் தீர்மானிக்கும் திருகுக்குக் கம்பி கட்டி ஈய முத்திரை போட்டிருப்பார்கள். முத்திரையை அறுத்து டீசலைக் கூட்டினால் முதல் வாரம் பிக்கப் பிரமாதம்.

பொன்முடியில்தான் அதன் சாயம் வெளுக்கும். உச்சி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர். அந்த உயரத்தில் காற்று சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்கு லேசு. டர்போ இல்லாத பழைய இன்ஜின் உள்ளே இழுக்கும் காற்று அந்த அளவுக்குக் குறையும். காற்று குறைந்த இடத்தில் டீசலைக் கூட்டி ஊற்றினால் எரியாத கரிதான் புகையாக வரும். மிச்ச டீசல் லைனரில் உள்ள எண்ணெய்ப் பூச்சைக் கழுவி விடும். சூடு ஏறிப் பிஸ்டன் உருகியதும் உண்டு. மலைக்கு என்று தனியாகப் பம்பு வைக்கச் சொன்னால், விவரம் தெரிந்த மேஸ்திரி டீசலைக் கூட்ட மாட்டார். ஆறு சொட்டையும் ஒன்றாக்குவார். கிளட்ச் மிதித்துத் திருப்பும்போது அணையாதபடி ஐடிலைச் சரியாக நிறுத்துவார். காற்று பிரேக் வண்டியில் இது முக்கியம். இன்ஜின் அணைந்தால் காற்று ஏற்றும் கம்ப்ரசரும் அணைந்து விடும்.

சட்டமும் சும்மா இல்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் செய்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு.

இது ஏதோ நம் ஊர் லாரிக்காரர் மட்டும் செய்யும் கோளாறு என்று எண்ண வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு விற்கும் பி.எஸ்.6 லாரியில் ஈய முத்திரை இல்லை. சொட்டுக் கணக்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்கிறது. அதற்கும் ஆள் இருக்கிறார்கள். லாப்டாப்பைச் செருகிக் கணக்கையே மாற்றுகிறார்கள். அமெரிக்காவில் பத்து வருஷத்தில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைத் தடுப்புச் சாதனத்தைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறையே 2020-ல் கணக்குச் சொன்னது. பணக்கார நாட்டிலும் பிக்கப் மோகம் விட்டபாடில்லை!

பத்தாம் நாள் எலிமெண்ட் வந்தது. அன்று சாயங்காலம் கரண்ட் போயிற்று. பதினோராம் நாள் பிற்பகல் ஆறு குப்பியிலும் மட்டம் ஒன்றாக நின்றது. மேஸ்திரி ஈயத்தை நசுக்கி முத்திரை வைத்தார். "திருகச் சொல்லி எவனாவது வந்தா, கையைத் தட்டி விட்டுரு தம்பி" என்றார்.

மறுநாள் காலை டைமிங் பார்த்துப் பூட்டி, மூட்டை ஏற்றிப் புறப்பட்டார்கள். ஒன்பதாவது வளைவு வந்தது. கிளீனர் பையன் பழக்கத்தில் கட்டையை எடுத்துக் கொண்டு குதித்து விட்டான். வண்டி நிற்கவில்லை. அவன்தான் பின்னால் ஓடி ஏற வேண்டியதாயிற்று. வளைவுகள் எல்லாம் முடியும் வரை புகை சாம்பல் நிறத்துக்கு மேல் போகவில்லை. 2022-ல் மழையில் ரோடு இடிந்த 12-வது வளைவையும் நிற்காமலே தாண்டினார்கள்.

மேலே லயத்து வாசலில் ஒரு பெண், "என்ன அண்ணே, இத்தனை நாளா ஆளையே காணோம்?" என்று கேட்டாள். எஸ்டேட் ஆபீசில் அப்படி யாரும் கேட்கவில்லை. பதினொரு நாளும் தேயிலை மூட்டை இறங்காமல் இருக்க முடியுமா? வேறு ஒரு லாரியை வைத்திருந்தார்கள். "அடுத்த வாரம் புதன்கிழமை வந்து பாருங்கள்" என்றார் குமாஸ்தா. லாரிக்காரர் காலி வண்டியோடு மலை இறங்கினார். தவணைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.