பயிற்சியாளரா, மருத்துவரா?



'வாழ்க்கைப் பயிற்சியாளர்'கள் இன்று பெருகியுள்ளனர். தொழிலைத் திட்டமிடவும் நேரத்தை ஒழுங்குபடுத்தவும் அவர்களிடம் ஆலோசனை கேட்பதில் தவறில்லை. ஆனால், அப்பெயரைச் சூடிக்கொள்ள நம் நாட்டில் எந்தப் பதிவும் தேவையில்லை. மனநல மருத்துவரோ மருத்துவம் பயின்று பதிவு பெற்றவர். மருந்து எழுதும் உரிமையுடையவர்.

தொடர்ந்த உறக்கமின்மை, தீராத துயரம், இல்லாத குரல் கேட்டல், உயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரையே நாட வேண்டும். இவை ஈமானின் குறைவல்ல, நோயின் அடையாளங்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப இயலாமல் மாண்டனர். மருந்து தர வேண்டிய இடத்தில் சங்கிலி இட்டதன் விளைவு அது! 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. ஏர்வாடி தர்காவிலேயே துஆவுடன் மருந்தும் வழங்கும் திட்டத்தை அரசு பின்னர் தொடங்கியது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். தோணிரேவில் எவரும் படகைக் கட்டாமல், துஆ மட்டும் ஓதிவிட்டு வீடு திரும்புவதில்லை. நோயுற்ற பிள்ளையின் விஷயத்தில் மட்டும் ஏன் தயக்கம்? 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

மருந்தில் ஷிஃபாவை வைத்தவன் அல்லாஹ்வே. அவன் நம் நோயாளிகளுக்குப் பூரண சுகம் அளிப்பானாக! ஆமீன்.