வேலமரமும் அதன் பெயர்களும்

நெற்குப்பை என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டு இளைஞர் சிலர் நகைப்பதுண்டு. குப்பை என்பதற்குக் குவியல் என்பதே பழம்பொருள் என்று அறிந்தோர் நகையார். நெல் மலைபோற் குவிந்த களத்தையே எண்ணுவர். பயண நூல்களாலும் மாவட்ட நூல்களாலும் தமிழுக்கு வளம் சேர்த்த சோமலெ பிறந்த ஊர் அது. அவ்வூர்ப்பெயருக்கு நேர்ந்த இடரே, செட்டிநாட்டுக் கண்மாய்க் கரைகளில் நிற்கும் முள்மரங்களின் பெயர்களுக்கும் நேர்ந்துள்ளது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

கரிய, வெடித்த பட்டையுடையது கருவேல். வெளிறிய பட்டையுடையது வெள்வேல். குடை விரித்தாற்போன்ற தலையுடையது குடைவேல். வேல் என்பது இனப்பெயர். கரு, வெள், குடை என்பன வேறுபாடு காட்டும் அடைகள். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் செடி ஒவ்வொன்றுக்கும் இனப்பெயர் ஒன்றும் சிறப்புப்பெயர் ஒன்றுமாக இரு சொற்களை வகுத்தார். நம் உழவர் அவரை அறியாமலே அம்முறையைக் கையாண்டுள்ளனர். அவர் இனப்பெயரை முன்வைத்தார், நாம் பின்வைத்தோம்.

முட்செடிகளைப் பிரித்துப் பெயரிடுதல் எந்நாட்டிலும் எளிதன்று. ஐரோப்பிய வேலிகளில் படரும் ரூபஸ் என்னும் முட்பழச் செடிகளுட் பல, கருவுறாமலே விதை ஈனும் இயல்பின. ஆதலின் சிறு வேறுபாடும் வழிவழியாக நிலைத்து, பிரித்தானியத் தீவுகளில் மட்டும் முந்நூற்றுக்கு மேற்பட்ட வகைகளாக அவை எண்ணப்பட்டுள்ளன. அங்கே பெயர்ப்பெருக்கம் இடர் தருகிறது. இங்கே பெயரொற்றுமை இடர் தருகிறது.

கருவேலுக்கு லின்னேயஸ் இட்ட பெயர் மைமோசா நிலோட்டிகா. நைல் ஆற்றுக்குரியது என்பது இதன் இரண்டாம் சொல்லின் பொருள். எகிப்து முதல் நம் நாடு வரை பரவிய அம்மரத்தை அரபியர் சன்த் என்பர். மாலகாவிற் பிறந்து 1248இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களை அகரநிரலில் விளக்கியபோது, ஒரே செடிக்குக் கிரேக்கரும் அரபியரும் பெர்பெரியரும் வழங்கிய பெயர்களை ஒப்புநோக்கி எழுதினார். பெயர் பிறழ்ந்தால் மருந்தும் பிறழுமன்றோ!

பின்னர் அக்கேசியா என்னும் இனத்துள் கருவேல் சேர்க்கப்பட்டது. முள் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்ததாகக் கருதப்படும் அப்பெயருக்கு மூலச்சான்றாக நின்றதும் இம்மரமே. ஆயின் அவ்வினத்தின் ஏறத்தாழ 1,350 வகைகளுள் பெரும்பான்மை ஆஸ்திரேலியாவில் உள்ளவை. இனத்தைப் பிரிக்க வேண்டிய நிலை வந்தபோது, பழம்பெயர் எவருக்கு என்னும் வழக்கு எழுந்தது. 2005இல் வியன்னாவிற் கூடிய தாவரவியல் மாநாட்டில் ஆஸ்திரேலியாவுக்கே அது வழங்கப்பட்டது. எதிர்த்தோர் பாதிக்கு மேற்பட்டிருந்தும், பரிந்துரையைத் தள்ளுதற்கு வேண்டிய 60 விழுக்காட்டை எட்டவில்லை. 2011இல் மெல்போர்ன் மாநாடும் அதனை உறுதிசெய்தது. தன் பெயரையே இழந்த கருவேல் இன்று வச்செல்லியா நிலோட்டிகா எனப்படுகிறது. இவ்வினப்பெயரோ, சென்னை மாகாணத்திற் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் வைட், ஆர்னாட் என்பாருடன் சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி 1834இல் வெளியிட்ட நூலில் படைத்தது! ஓரிழப்புக்கு ஓர் ஆறுதல் எனலாம்.

இத்தனை மாற்றத்திலும் கருவேல் என்னும் தமிழ்ப்பெயர் மாறவில்லை. ஆயினும் தமிழ் வழக்கு ஓரிடத்தில் வழுக்கியது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த முள்மரம் ஒன்று, தோற்ற ஒப்புமையால் சீமைக்கருவேல் எனப்பட்டது. வேலிக்கருவை, வேலிகாத்தான் என்றும் வழங்கும். அது வேல் இனத்தது அன்று. நெடுங்காலம் புரோசோபிஸ் எனப்பட்ட இனத்தைச் சேர்ந்தது. 2022இல் வெளிவந்த ஆய்வு அதனை நெல்டுமா என்னும் இனத்துள் வைத்தது. நம் கோயில்களில் நிற்கும் வன்னி புரோசோபிஸ் இனத்திலேயே உள்ளது.

இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. சீமைக்கருவேலை அகற்றுமாறு உயர்நீதிமன்ற மதுரைக்கிளை 2016, 2017ஆம் ஆண்டுகளில் ஆணைகள் பிறப்பித்தபோது, செய்தித்தாள்கள் பலமுறை ‘சீமை’ என்னும் அடையை விடுத்துக் ‘கருவேல மரங்கள்’ என்றே எழுதின. அடை ஒன்று விழுந்தால் கோடரி விழும் இடம் மாறிவிடும். கலப்பைக்கு மரமும், தோல் பதனிடப் பட்டையும், ஆட்டுக்குத் தழையும் தந்த நாட்டுமரம் வெட்டுண்ண நேரும்.

இரண்டையும் பிரித்தறிதல் அரிதன்று. கருவேலின் பூ மஞ்சள் உருண்டை; காய், மணிகளைக் கோத்தாற்போல விதைதோறும் இடுங்கியிருக்கும். சீமைக்கருவேலின் பூ கதிர்போல் நீண்டது. காய் முதிர்ந்து மஞ்சளாகி இனிக்கும். ஆடுமாடுகள் அதனை விரும்பித் தின்று விதையைப் பரப்பும். ஊர்தோறும் வழக்குச்சொல் திரட்டச் செல்லும் நம் மாணவர், மரப்பெயரைக் குறிப்பேட்டில் எழுதுவதோடு அமையாமல், அதன் காயொன்றும் பூவொன்றும் உலர்த்தி அப்பக்கத்திலேயே ஒட்டிவருதல் வேண்டும் என விழைகிறோம்.