பிரான்சர் டப்பாவின் பின்புறத்தையும் படியுங்கள்

கோடைக்கு பிரான்சர் (முகத்துக்கு வெயில் பட்ட பொலிவு தரும் ஒப்பனைப் பூச்சு) வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். அது சரிதான். வெளுத்த தோலுக்கென்று செய்தவை மாநிற முகத்தில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும்; உங்கள் நிறத்தைவிட ஓரிரு படி அடர்ந்து, சற்றே செம்மை கலந்ததை எடுங்கள். எண்ணெய் வழியும் முகத்துக்கு கிரீமைவிட பவுடர் மேல். பிரான்சர் வெயிலைத் தடுக்காது; அடியில் சன்ஸ்கிரீன் வேண்டும்.

என் கவலையெல்லாம் பாதி விலைக்குக் கிடைக்கும் போலிகளைப் பற்றித்தான். தரமற்ற நிறமிகளில் ஈயம், ஆர்சனிக் கலந்திருக்கலாம். வாசனைப் பொருளோ சாயமோ ஒத்துக்கொள்ளாவிட்டால் சிலருக்கு முகத்தில் கருந்திட்டு படரும். மாநிறத் தோலில் அது மறைய மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஆகும். முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்த பிறகே முகத்தில் பூசுங்கள்.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், காலாவதி விவரம் எல்லாம் டப்பாவில் அச்சிட்டிருக்க வேண்டும். உள்நாட்டுச் சரக்குக்கு உரிம எண், வெளிநாட்டுச் சரக்குக்கு இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண் கட்டாயம். இல்லையென்றால், நிறம் எவ்வளவு பொருந்தினாலும் வாங்காதீர்கள்.

முகம் எரிந்தாலோ தடித்தாலோ உடனே கழுவிவிட்டு, டப்பாவோடு தோல் மருத்துவரைப் பாருங்கள். கோபத்தில் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்; அதுதான் சாட்சி. பலருக்குத் தெரியாத ஓர் உரிமை இங்கே இருக்கிறது. 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, தான் வாங்கிய பொருளை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரின் சோதனைக்குக் கொடுக்கலாம். அவர் கையெழுத்திட்ட அறிக்கை உங்கள் கைக்கு வரும். அதற்குப் பிறகு விற்றவர் வெறும் வாய்ப்பேச்சால் தப்ப முடியாது.

புகாரை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் கொடுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இழப்பீடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அதற்கும் தனியாகப் புகார் செய்யலாம்.